கைராசிக்காரி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நகரின் ஈடு இணையற்ற செல்லப்பிராணிகள் மருத்துவமனையில் 'இறுதிக்காலக் கருணைப் பராமரிப்புத் துறை' என்னும் மாபெரும் துறை இன்று காலை உதயமாகியிருக்கிறது. துறைக்கு ஒரு தலைவர் உண்டு. தலைவரைத் தவிர வேறு யாரும் கிடையாது. நேற்று வரை துடைப்பங்களும் பினாயில் டப்பாக்களும் குடியிருந்த அறையை ஒழித்து ஒரு மேஜை போட்டிருந்தார்கள். வாசனை மட்டும் காலி செய்ய மாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தது.

துறைத் தலைவராகிவிட்ட டாக்டரம்மா ஆசைப்பட்டுப் படித்தது அறுவை சிகிச்சை. உடைந்த தொடை எலும்பைக் கம்பி வைத்து நிமிர்த்தி, நொண்டி வந்த நாயை ஓடவிட வேண்டும் என்பது அவளுடைய கனவு. வேலைக்குச் சேர்ந்த அன்று பெரிய டாக்டர், "கொஞ்சம் பொறும்மா, ஆபரேஷன் தியேட்டர் உனக்குத்தான்" என்றார். பொறுத்தாள். அதற்குள் தீராத நோயில் கிடந்த ஒரு கிழட்டு நாய்க்குக் கடைசி ஊசி போட வேண்டி வந்தது. நாய் முனகக்கூட இல்லை. வளர்த்தவர் அழுதுகொண்டே, "ராசியான கைம்மா" என்றார். மற்ற டாக்டர்களுக்குப் பிழைக்க வைத்துக் கைராசிப் பெயர் வரும். இவளுக்கு இப்படி வந்து சேர்ந்தது. ஊர் முழுக்கப் பரவியும் விட்டது.

காலையில் அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னாள்.

"துறைத் தலைவியா! என்ன துறைடி?"

"வயசான பிராணிங்களைப் பாத்துக்கறதும்மா."

"நல்லா பாத்துக்கோ. வாயில்லா ஜீவன். புண்ணியம்."

அவள் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். பிழைக்கக்கூடிய உயிருக்கு அந்த ஊசியைப் போடுவதில்லை.

ரிப்பன் வெட்டி முடிந்ததும் முதல் ஆள் வந்தது. செம்பட்டை நிற நாய், நல்ல வாலிபம். வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவள் செருப்பை முகர்ந்தது. கூட வந்தவர் மடிப்புக் கலையாத சட்டைக்காரர்.

"என்ன சார் வியாதி?"

"வியாதியா? சேச்சே. தடுப்பூசி எல்லாம் கரெக்டா போட்டிருக்கோம் டாக்டர். புது ஃப்ளாட்டுல நாய் கூடாதாம்."

"வேற யாருக்காவது குடுத்துடலாமே?"

"எங்களைப் பிரிஞ்சு இருக்காது டாக்டர். ஏங்கியே செத்துடும். அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?"

அவள் வெளியே வந்தாள். பெரிய டாக்டர் கையில் கத்தரிக்கோலும் ரிப்பன் துண்டுமாக நின்றிருந்தார்.

"என்னால முடியாது சார். நல்லா இருக்கற நாய்."

"திறப்பு விழா அன்னிக்கே முரண்டு பிடிக்கறியே! அவர் எவ்வளவு பெரிய மனுஷன் தெரியுமா? இது ஒண்ணை முடிச்சுக் குடு. திங்கக்கிழமைலேருந்து தியேட்டர் உனக்கு. முடியாதுன்னா சொல்லு, நம்ம மாப்பிள்ளையைப் போடச் சொல்றேன்."

பெரிய டாக்டரின் மகளைக் கட்டிய மாப்பிள்ளை டாக்டர் ஊசி குத்த நரம்பு தேடினால் நாய் கத்துவது தெருமுனை வரை கேட்கும். வலியில்லாமல் போகட்டும் என்றுதான் உள்ளே போனேன் என்று பிற்பாடு அவள் சொல்லிக்கொள்ளலாம். கதவைத் தள்ளியபோது மனதில் இருந்தது திங்கட்கிழமை.

முன்னங்காலில் முடியை மழிக்க மெஷினை எடுத்தாள்.

"இருங்க டாக்டர், நானே பழக்கியிருக்கேன்" என்றார் சட்டைக்காரர் பெருமையாக. "கை குடுடா."

நாய் அவளுக்குக் கை கொடுத்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்றைக்கு இதையும் கச்சிதமாகச் செய்தால் இந்த அறையைவிட்டு யார் தன்னை வெளியே விடுவார்கள்? ஊசி ஒரு தடவை தவறினால் போதும், கைராசிப் பட்டம் இன்றோடு ஒழியும். ஆனால் தவறினால் வலி அவளுக்கு இல்லை, எதிரே வாலை ஆட்டுகிறவனுக்கு. அவள் முடிவெடுக்கும் வரை கை காத்திருக்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே நரம்பைப் பிடித்துவிட்டது. பிடித்திருந்த கால் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. வால் கடைசியாக நின்றது.

"அப்பா! ஒரு சத்தம் இல்ல" என்று வியந்தார் சட்டைக்காரர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கழுத்துப்பட்டையை மறக்காமல் கழற்றிக்கொண்டார். அசல் தோலாம்.

வாசல் வரை போய் அவரை வழியனுப்பிவிட்டுப் பெரிய டாக்டர் பூரித்துப்போய் வந்தார்.

"சார், திங்கக்கிழமை..."

"அட போம்மா! வெட்டித் தைக்கறதுக்கு ஆளா இல்ல? மாப்பிள்ளை பாத்துப்பான். இந்தக் கை யாருக்கு வரும் சொல்லு!"

அவள் மெஷினில் சிக்கியிருந்த செம்பட்டை முடியை ஊதித் தட்டினாள்.

அடுத்தது ஒரு பூனை. சோபாவைக் கீறுகிறதாம்.