எழுவைதீவுக்குச் சொல்லவில்லை

முன்பள்ளி ஆசிரியைகள் சங்கத்தின் புதன்கிழமைக் கூட்டம் வெள்ளிக்கு மாறியதை, செயலாளர் நிமலினி செவ்வாய் மத்தியானமே வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு என்று எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். செயலாளர் என்றால் இப்படியல்லவோ இருக்க வேண்டும் என்று தன்னையே மெச்சிக்கொண்டு தேத்தண்ணி குடித்தாள்.

மிஞ்சியது எழுவைதீவுக் கிறேஸ் மட்டும். அவளுடைய போன் உப்புத்தண்ணி பட்டுச் செத்துப்போயிருந்தது. அவளுக்குச் சேதி போகிற வழி ஒன்றுதான். ஊர்காவற்றுறைத் துறையில் படகோட்டி பஸ்ரியாம்பிள்ளையிடம் சொல்லிவிட்டால், பின்னேரப் படகோடு அது அவள் வீட்டு வாசலுக்குப் போய்விடும்.

நிமலினிக்குத் துறை கூப்பிடு தூரம். ஆனால் சோளகக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. இந்தக் காற்றுக்கு நாளைக்குப் படகு ஓடாது, படகு ஓடாவிட்டால் கிறேஸ் வரப்போவதில்லை, பிறகு சொன்னாலென்ன, சொல்லாவிட்டாலென்ன? தீவுக்காரர் எல்லாரும் போடுகிற கணக்குத்தான். சோம்பலுக்கு நல்ல சாட்டாகவும் இருந்தது.

புதன் காலை படகு ஓடவில்லைதான். நிமலினி வெள்ளிக் கூட்டத்துக்காகச் சங்க மண்டபத்தில் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் கிறேஸ் வந்து நின்றாள். சேலை தோள்வரை நனைந்திருந்தது. பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்த பிள்ளைகளின் சித்திரங்கள் மட்டும் நனையவில்லை.

“அக்கா, பிந்திப்போனனோ? ஒருத்தரையும் காணேல்லை.”

போன கூட்டத்துக்கு வராததற்கு இவளை எல்லாருக்கும் முன்னால் ஏசியவள் நிமலினிதான். ‘ஒவ்வொருமுறையும் கடலைச் சாட்டுச் சொல்லாதையும். ஏலாட்டி வேற ஆளுக்கு இடத்தை விடும்’ என்று.

“கூட்டம் வெள்ளிக்கு மாறீற்றுது. பஸ்ரியாம்பிள்ளை அண்ணையிட்ட நேற்றே சொல்லிவிட்டனான். அவர் சொல்லேல்லையோ?” பொய் தடங்கலில்லாமல் வந்தது.

கிறேஸ் விழித்தாள். “அவர்தானே அக்கா என்னைத் தன்ர மீன்பிடி வள்ளத்தில கொண்டுவந்தவர்.”

அவளுக்குப் பின்னால் பஸ்ரியாம்பிள்ளை நின்றார். சாரத்தைப் பிழிந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. நிமலினியை ஒருமுறை பார்த்தார். பிறகு கிறேஸின் பக்கம் திரும்பினார்.

“ஓம் பிள்ளை, அவ சொன்னவதான். நான்தான் மறந்துபோனன். வயசு போட்டுது.”

நிமலினிக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. மனிதர் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

“இல்லை கிறேஸ். நான் அவரிட்டச் சொல்லேல்லை. படகு ஓடாது, நீர் வரமாட்டீர் எண்டு பேசாமல் இருந்திட்டன். இப்ப பொய்யும் சொல்லிப்போட்டன். அண்ணையில ஒரு பிழையும் இல்லை.”

கிறேஸ் கோபப்படவில்லை. கோபப்பட அவளிடம் தெம்பு இல்லை.

“நடுக்கடலில தண்ணி உள்ளுக்கை வந்தது அக்கா. எனக்குக் கை கால் ஓடேல்லை. இந்தக் காற்றுக்குக் கூட்டத்தை மாத்தியிருப்பினம், திரும்புவம் எண்டு அழுதனான். அண்ணைதான் கேக்கேல்லை.”

“ஏன்?”

“‘மாத்தியிருந்தா நிமலினி துறைக்கு வந்து எனக்குச் சொல்லியிருப்பா, அவ சொல்லாமல் விடமாட்டா’ எண்டு சொன்னவர்.”

பஸ்ரியாம்பிள்ளை அது காதில் விழாதவர்போல அங்குமிங்கும் பார்த்தார்.

“வள்ளத்துக்கை இன்னும் தண்ணி நிக்குது பிள்ளை. ஒரு வாளி இருந்தாத் தாரும்.”

வாளியைத் தூக்கிக்கொண்டு நிமலினிதான் காற்றுக்குள் முன்னால் நடந்தாள். துறை கிட்டத்தான் இருந்தது.