சிவப்புப் பொட்டு வைத்த டயர்

என் வீட்டுக்காரர் ஜெகநாதன் பாலாநகர் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை, விமானக் கருவிகளுக்குத் தரம் பார்ப்பவர். சரியான பாகத்துக்குப் பச்சைப் பொட்டு வைப்பார், கீறல் இருந்தால் சிவப்பு. சிவப்பு விழுந்ததை உடனே வெட்டிப் போட்டுவிட வேண்டுமாம். விட்டால் எவனாவது எடுத்துத் திரும்ப மாட்டிவிடுவானாம். இந்தக் கதையை நான் சோறு போடும்போதெல்லாம் சொல்வார். ஆனால் வீட்டுக்கு வந்தால் மனுஷனுக்குப் பச்சை ஒன்றுதான் தெரியும். வாய் பிளந்த செருப்பு, விசில் அடிக்காத குக்கர், எல்லாமே பாஸ்.

அவருடைய சைக்கிள் டயரும் அப்படித்தான் பாஸாகியிருந்தது. சிகந்திராபாத்திலிருந்து வேலைக்குச் சைக்கிளில்தான் போவார், உடம்புக்கு நல்லதாம். பின் டயர் வழவழவென்று தேய்ந்ததும் அதைக் கழற்றி முன்னால் மாட்டினார். முன்னால் இருந்த நல்ல டயரைப் பின்னால் போட்டார். என்னவோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அன்று முழுக்க மீசையைத் தடவிக்கொண்டு திரிந்தார்.

"என்னங்க, நூல் தெரியுதுங்க."

"நூல்தானே தெரியுது? டியூப் தெரியலையே!"

"டியூப்பும் தெரிஞ்சா அப்புறம் உங்க எலும்புதான் தெரியும். மாத்தித் தொலைங்களேன்."

"நக்கோ விஜி, வேணாம். இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கும்."

அந்தச் சாலையில் லாரிகள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். வாசலில் அவர் சைக்கிள் மணி கேட்கும்வரை ஜன்னலை விட்டு நகர மாட்டேன். பயம் என்று சொன்னால் சிரிப்பார், அதனால் கிண்டலாகவே சொல்லிவந்தேன். "உங்க டயருக்கு உங்க தலையே பரவாயில்லை, நாலு முடியாவது இருக்கு" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். தலையைத் தடவிக்கொண்டே கிளம்பிப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை எங்கள் மகள் ஹம்சா வந்து நின்றாள். எங்களோடுதான் இருக்கிறாள், பேகம்பேட்டில் வேலை பார்க்கிறாள்.

"டாடி, என் ஸ்கூட்டர் ரிப்பேர். ஒன் வீக் உங்க சைக்கிள் தேதோ நா, குடுங்களேன். நீங்க பஸ்ல போங்க."

"ஹவ், எடுத்துக்கோ" என்றவர், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார். டயரை விரலால் அழுத்திப் பார்த்தார். ஆளே மாறிவிட்டார். விறுவிறுவென்று உள்ளே போய் ஹம்சாவின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துவந்து டயரில் ஒரு பொட்டு வைத்தார்.

"இதுல நீ போகக் கூடாதும்மா. முன் டயர் வெடிச்சா ஹேண்டிலைப் பிடிக்கவே முடியாது. ஆளைத் தூக்கிப் போட்டுடும்."

அடப்பாவி மனுஷா! எல்லாம் தெரிந்துகொண்டேதானா தினமும் போய்வந்தார்?

சாயங்காலத்துக்குள் புது டயர் வாங்கிவந்து முன்னால் மாட்டிவிட்டார். பழையதைப் பால்கனி ஆணியில் தொங்கவிட்டார்.

"இது எதுக்கு இங்கே?" என்றேன்.

"ரிசர்வ். ஹம்சாவோட ஸ்கூட்டர் வந்ததும் புதுசைக் கழட்டிப் பத்திரமா வச்சிடலாம். எனக்கு இது போதும்."

எனக்கு வந்ததே கோபம்! சமையலறையிலிருந்து தேங்காய் வெட்டும் அரிவாளை எடுத்துவந்தேன். டயரைத் தரையில் போட்டு ஓங்கி ஒரு போடு போட்டேன். ரப்பர் பிளந்துகொண்டது.

"ஏய் விஜி! என்ன பண்றே?"

"நீங்க வச்ச சிவப்புப் பொட்டுதானே? வெட்டலைன்னா எவனாவது எடுத்துத் திரும்ப மாட்டிடுவான்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த எவன் இதோ எதிர்லயே நிக்கிறாரே!"

ஹம்சா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"அவளுக்கு ஆகாதது உங்களுக்கு மட்டும் எப்படிங்க ஆகும்? டயருக்கு ஆணியில ரிசர்வ் மாட்டினீங்க. உங்களுக்கு எந்த ஆணியில மாட்டி வச்சிருக்கீங்க? நீங்க வீடு வந்து சேர்ற வரைக்கும் தினமும் பயந்து சாகிறேன்."

அவர் குனிந்து டயரை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெட்டின இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"விளிம்புல கம்பி இன்னும் அறுபடலை விஜி. இப்படி விட்டா திரும்ப மாட்டிடலாம்."

உள்ளே போய் ரம்பத்தோடு வந்தவர், என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"அந்தப் பக்கம் கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றார்.

பிடித்துக்கொண்டேன்.