பின்சீட்டு மட்டும் புதுசு

"அப்பா, இந்த வண்டியில பின்சீட்டு மட்டும் ஏன் புதுசா இருக்கு?"

சுஷ்மிதா அதைக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. சுப்புராமன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துத் துரு பார்த்துக்கொண்டிருந்தார். அணுபுரத்தில் குடியிருந்துகொண்டு பதினாறு வருஷமாக அணுமின் நிலையத்துப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறவர். எதையும் பட்டியல் போட்டுச் சோதித்துத்தான் பழக்கம். பழைய கார் ஒன்று வாங்குவதற்கும் நாற்பத்திரண்டு கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்து வந்திருந்தார். மகளுடைய கேள்வி அந்தத் தாளில் இல்லை.

"புதுசா இருந்தா நல்லதுதானேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வரியில் டிக் அடித்தார்.

ஏழு பேர் உட்காரலாம். வெள்ளை நிறம். ஒரே கையில் ஒன்பது வருஷம் இருந்த வண்டி. சொந்தக்காரர் தாண்டவராயன், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோய், பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். நரைத்த தாடி நெஞ்சுவரை இறங்கியிருந்தது. சுப்புராமன் வந்து நின்றதிலிருந்து அந்த மனிதர் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், வாய் ஒரு பக்கம் கோணியபடி சொன்னார்:

"இந்த வண்டி உனுக்கு வாணாம் சார். வேற யாருக்னா குடுத்துக்கிறேன்."

சுப்புராமன் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். விலையை ஏற்றுகிற வித்தை இது என்று நினைத்தார். ஐயாயிரம் கூட்டிச் சொன்னார்.

"டப்புக்கோசரம் சொல்லல சார். உனுக்கு வாணாம்."

மேலும் ஐயாயிரம் கூட்டினார். தரகர் லோகுவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா அண்ணாத்த, பேஜாரு பண்ணிக்கினு! வூட்ல மருந்துக்கு வழி கீதா? மகராசன் கேட்டதுக்கு மேல தர்றேன்றாரு, நீ பெரிய இவனாட்டம் வாணாம்ன்ற!"

உள்ளே இருந்து தாண்டவராயனின் மனைவி ஆதியம்மாள் வந்து நிலைப்படியில் நின்றாள். கணவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். தாண்டவராயன் தலையைக் குனிந்துகொண்டு, விழாத வலது கையால் கையெழுத்துப் போட்டார்.

திருக்கழுக்குன்றத்தில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சுப்புராமனின் மனைவி ரோகிணி முகப்புப் பலகையில் பிள்ளையாரை ஒட்டினாள். பதினோரு நாள் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள், குடியிருப்பு வாசலில் கூடை இறக்கியிருந்த மீன்காரி ராஜம் அந்த வண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏம்மா, இது தாண்டவராயன் வண்டியாச்சே! உங்க கையில எப்டி?"

"ஏன், உனக்கு அவரைத் தெரியுமா?" என்றாள் ரோகிணி.

"தெரியாம இன்னா? குளிக்க வர்ற புள்ளைங்கள கடல் இஸ்துகினு பூடுச்சின்னா, செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு ஏத்தினு போற வண்டி இது. ஒன்னா ரெண்டா... எனக்குத் தெரிஞ்சே இருவது முப்பது இருக்கும்."

அன்று சாயங்காலம் ரோகிணி பிள்ளையாரைப் பிய்த்து எடுத்துப் பூஜை அறையில் வைத்தாள்.

"செத்தவங்களைக் கிடத்தின இடத்துல எம் பொண்ணு உக்காந்து ஸ்கூல் போறா. அதுக்குத்தான் அந்தாளு சீட்டை மாத்தியிருக்கான். குழந்தைக்குத் தோணினது உங்களுக்குத் தோணலையே! நாற்பத்திரண்டு கேள்வி கேட்டீங்களே?"

"நான் நாளைக்கே திருப்பிக் கொடுத்துடறேன்."

"கொடுத்துட்டு வாங்க. இல்லேன்னா நாங்க இதுல ஏற மாட்டோம்."

அவள் கோபத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அதை இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், சுப்புராமனின் தம்பி ஹரிகிருஷ்ணன் கல்லூரி விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தவன், அதே கடலில் குளிக்கப் போய்த் திரும்பவில்லை. அந்த வீட்டில் அன்றைக்குப் பிறகு யாரும் கடற்கரைக்குப் போனதில்லை.

மறுநாள் சுப்புராமன் வண்டியை ஓட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போனார். வழியெல்லாம் கடுமையாகப் பேசுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனார். வலைக் கொட்டகை ஓரத்து நிழலில் தாண்டவராயன் உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் அல்ல, ரெக்சின் கிழிந்து, உப்புப் பூத்து, பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்த பழைய கார் சீட்டில். சுப்புராமனுக்கு அது எதுவென்று உடனே புரிந்தது.

"பொணம் ஏத்தற வண்டியை ஏமாத்தி என் தலையில கட்டிட்டீங்களே, இது நியாயமா?"

தாண்டவராயன் நிதானமாகப் பேசினார். நாக்கு குழறியது.

"பொணம் நான் ஏத்தனதே இல்ல சார். ஏத்தறப்ப எல்லாத்துக்கும் உசுரு கீதுன்னுதான் ஏத்துவேன். ஆம்புலன்சு வர்ற வரிக்கும் மண்ணுல போட்டு வெச்சிகினு இருக்க மனசு வராது. ரெண்டு பேரு பொழச்சாங்க சார். ரெண்டு பேரு."

வலது கையின் இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினார்.

"சீட்டை எதுக்கு மாத்தினீங்க? மறைக்கத்தானே?"

"வாங்கறவங்க புள்ளைங்க உக்காருமேன்னு மாத்தனேன். மறைக்கல சார். கேட்டிருந்தா சொல்லிருப்பேன். உன்னாண்ட மட்டும் சொல்ல வாய் வரல. அதான் வாணாம்னேன்." சற்று நிறுத்தி மூச்சு வாங்கினார். "வண்டிய வுட்டுட்டுப் போ சார். பணம் மருந்துக்குப் போயிடிச்சி. நாலு நாள் டைம் குடு. வலைய வித்துக் குடுத்துர்றேன்."

"என்கிட்ட மட்டும் ஏன் சொல்ல வரலை?"

தாண்டவராயன் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அந்த வாட்ச்சு ஓடுதா சார்?"

சுப்புராமன் அந்தத் தாடிக்குள் இருந்த முகத்தை உற்றுப் பார்த்தார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியின் அந்த நீண்ட தாழ்வாரம் கண்முன் வந்தது. சேதி கேட்டு அலறியடித்து ஓடிவந்தபோது, ஸ்ட்ரெச்சரில் ஹரி கிடந்தான். பக்கத்தில் ஈர லுங்கியோடு, தாடியில்லாத, கறுத்துத் திரண்ட ஓர் ஆள். அவன் கைக்குள் ஹரியின் கைக்கடிகாரம். அவ்வளவுதான் சுப்புராமன் பார்த்தது. "செத்தவன்கிட்டயும் திருடுவியாடா?" என்று ஓங்கி ஓர் அறை விட்டார். அந்த ஆள் கன்னத்தைக்கூடத் தடவிக்கொள்ளவில்லை. கடிகாரத்தை அவர் கையில் வைத்து, அவருடைய விரல்களை மடக்கிவிட்டு, படியிறங்கிப் போய்விட்டான். அப்புறம்தான் தாழ்வாரம் பெருக்குகிற அம்மாள் சொன்னாள்: "அந்த மனுசன்தான் தூக்கினு வந்தாரு. மூணு மணி நேரமா நவரல. பையன் தனியா கெடக்கக் கூடாதுன்னு ஒக்காந்திருந்தாரு."

தேடிப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சுப்புராமன் எத்தனையோ முறை நினைத்தார். வெட்கம் தடுத்தது. நாள் போகப் போக வெட்கம் கெட்டிப்பட்டு, ஞாபகமே வராத மாதிரி நடிக்கப் பழகிவிட்டார். நல்லவர்கள் என்று பேர் எடுத்தவர்களிடமும் இப்படி ஒரு பூட்டிய அறை இருக்கத்தான் செய்கிறது. ஆண்டவன் அதன் சாவியைத் தொலைய விடுவதில்லை.

"ஓடலை" என்றார் சுப்புராமன். மன்னிப்பு மட்டும் அப்போதும் கேட்கவில்லை.

"உப்புத்தண்ணி பூந்துட்டா ஓடாது சார்" என்றார் தாண்டவராயன். ஆதியம்மாள் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள். சுப்புராமன் குடித்தார். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே திரும்பினார்.

ரோகிணியிடம் எல்லாவற்றையும் சொன்னார், கன்னத்தில் விட்ட அந்த அறையைத் தவிர. ஹரி கடைசியாகப் போன வண்டி இது என்று கேட்டதும் அவள் வெகுநேரம் அழுதாள். வண்டியை விற்கவும் சொல்லவில்லை, அதில் ஏறவும் இல்லை. சுஷ்மிதா பள்ளி பஸ்ஸிலேயே போனாள். சுப்புராமன் மட்டும் அதைத் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

காணும் பொங்கலன்று மத்தியானம், வேலை முடிந்து ஒரு சாமான் வாங்கக் கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தார். சாலையெங்கும் கூட்டம். சவுக்குத் தோப்பு ஓரத்தில் மீனவர்கள் இரண்டு பேர் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடிவந்தார்கள். முன்னால் போன மூன்று கார்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. நாலாவதாக வந்த இந்த வண்டியைப் பார்த்ததும் அவர்கள் கையைக்கூடக் காட்டவில்லை. நேரே ஓடிவந்து பின்கதவைத் தட்டினார்கள்.

"அண்ணாத்த, தொற! சீக்கிரம் தொற!"

கண்ணாடியை இறக்கியபோது ஆள் வேறு என்று கண்டு அவர்கள் தயங்கினார்கள். சுப்புராமன் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார்.

"தண்ணியெல்லாம் எடுத்தாச்சு சார். இன்னொருத்தன் உள்ள கீறான், நாங்க போவணும்" என்று பையனைச் சீட்டில் கிடத்திவிட்டு அவர்கள் கடலுக்கு ஓடினார்கள்.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். "தம்பி, இதோ வந்தாச்சு. தம்பி, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று திரும்பிப் பார்க்காமலேயே பேசிக்கொண்டு வந்தார். உயிர் இருக்கிறது என்றுதான் ஏற்றியிருந்தார்.

டாக்டர் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அதே தாழ்வாரம். நனைந்த பர்ஸில் லைசென்ஸ் இருந்தது: ஷாரோன், அச்சரப்பாக்கம். போலீஸ்காரர் விவரம் எழுதிக்கொண்டு, வீட்டுக்குப் போன் போட்டுவிட்டு, "நீங்க கிளம்பலாம் சார்" என்றார். சுப்புராமன் கிளம்பவில்லை. பையனின் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரலிடுக்கில் மணல். தன் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டு, துணியை இழுத்து மூடினார். அவன் கழுத்திலிருந்து நழுவி விழ இருந்த சின்ன வெள்ளிச் சிலுவையையும் பர்ஸையும் உள்ளங்கையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அவர்களுடைய ஜெபம் அவருக்குத் தெரியாது. தெரிந்த ஐந்தெழுத்தையே மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

தகப்பனார் வந்தார். வயலிலிருந்து அப்படியே வந்தவர் போல முழங்கால்வரை சேறு. மகன்மேல் விழுந்து அழுது, நிமிர்ந்தபோது, சுப்புராமனின் கையிலிருந்த சிலுவை அவர் கண்ணில் பட்டது. முகம் மாறியது.

"அது எங்க பையனோடது. உன் கையில எப்படி?"

சுப்புராமன் அசையாமல் நின்றார். கன்னத்தில் விழுந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகவே நின்றார். தகப்பனாரின் கை எழவில்லை. சுப்புராமன் சிலுவையையும் பர்ஸையும் அவர் உள்ளங்கையில் வைத்து, சேறு காய்ந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"எம் பையன் தனியாவா கிடந்தான்?" என்றார் பெரியவர்.

"இல்லைங்க. கூடவே ஆள் இருந்தது."

அதற்குமேல் நிற்காமல் படியிறங்கினார்.

பொழுது சாய்கிற நேரத்தில் கடற்கரைக்கு வந்து, ஆளில்லாத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினார். ஆறு வருஷத்துக்குப் பிறகு கடலில் கால் வைத்தார். ஒரு வாளி உப்புத்தண்ணீர் மொண்டு வந்து, பின்சீட்டைக் கழுவித் துடைத்தார். போகிற வழியில் குப்பத்துத் திருப்பம் வந்தது. தாண்டவராயன் வீட்டு முன்னால் விளக்குப் போட்டிருந்தார்கள். பழைய சீட்டில் ஒரு தலை சாய்ந்திருந்தது தெரிந்தது. சுப்புராமன் வேகத்தைக் குறைத்தார். ஹாரன் அடிக்கவில்லை. இறங்கவும் இல்லை. அந்தத் தலையைப் பார்த்து, ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்த இரண்டு கைகளையும் ஒரு கணம் கூப்பிவிட்டு, வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.