சத்தம் தீர்ந்துபோன பதினான்காம் எண் வீடு

1983 மார்ச் பதின்மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு ஹாலிஃபாக்ஸ் ஊரின் கிராக்ஸ்டன் தெருவில் பதினான்காம் எண் வீட்டில் சத்தம் தீர்ந்துபோனது. சுவர்க்கடிகாரம் இரண்டு முறை அடித்தது. மூன்றாவது அடிக்குச் சுத்தியல் அசைந்ததோடு சரி. கெட்டில் ஆவி விட்டது, விசில் வரவில்லை. மாடிப்படியின் நாலாவது பலகை இருபது வருஷமாக யார் மிதித்தாலும் கத்தும், அதுவும் வாயை மூடிக்கொண்டது. இரு பக்கத்து வீடுகளிலும் நாய் குரைத்தது, தட்டு உடைந்தது, எல்லாம் வழக்கம்போல. அந்த வாரத்தில் எரிவாயு அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் வந்து, மீட்டரைப் பார்த்துவிட்டு, இது எங்கள் துறை இல்லை என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

வீட்டுக்காரி எட்னா ஓல்ராய்ட் இதைக் கவனித்தது செவ்வாய்க்கிழமைதான். கம்பள ஆலையின் தறிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் நின்றவளுக்குக் காது எப்போதோ போய்விட்டிருந்தது. அந்தக் கூடத்தில் தறி ஓடும்போது பீரங்கி வெடித்தாலும் கேட்காது என்பதால், அங்கே வேலை செய்யும் பெண்கள் குரலே இல்லாமல் உதட்டை அகல அசைத்துப் பேசுவார்கள். கல்யாணம், கருச்சிதைவு, மேஸ்திரியின் கள்ளத்தொடர்பு எல்லாம் உதட்டிலேயே ஓடும். பக்கத்து வீட்டு ரேம்ஸ்டன் அம்மாள் கதவைத் தட்டினாள், சத்தம் வரவில்லை. உள்ளே வந்து வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. அவளும் தறிக்காரிதான் என்பதால், இருவரும் ஒன்றரை மணிநேரம் ஊர்வம்பு பேசி, டீ குடித்துப் பிரிந்தார்கள். எட்னாவின் மகள் ஜானிஸ் பேசக் கற்பதற்கு முன்பே உதட்டுப் பேச்சைக் கற்றவள். அந்தத் தெருவிலிருந்து பட்டம் வாங்கப் போன முதல் ஆள். சத்தத்தைத் தீர்த்தது யார் என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் தீர்க்கப்பட்டது அவளுடைய சத்தம்.

வானொலியில் வாரம் அரை மணிநேரம் ‘தொலைந்த பொருள் கப்பல்’ என்று ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. பிரபஞ்சமெங்கும் ஜனங்கள் தொலைத்த குடை, பல்செட், மூன்றாம் கால் இவற்றைப் பொறுக்கி, உரியவர்களிடம் சேர்க்கும் விண்கப்பல். அதன் தலைவர் கர்னல் பெவரில் ஒரு பொருளையும் சரியான கிரகத்தில் சேர்த்ததில்லை, சிரிப்பு அதில்தான். முதல் இரண்டு வருஷம் எழுதிய ஜூலியன் ஃபார்க்கர்சன் உயர்ந்த பள்ளியில் படித்த, லத்தீனில் கேலி செய்யத் தெரிந்த மனிதர். தேனீ வளர்க்கிறேன் என்று அவர் ஒரு தீவுக்குப் போய்விட, மூன்றாம் வருஷத்துக்கு ஜானிஸைப் போட்டார்கள். அவள் செய்தது ஒரே காரியம்தான். கப்பலைக் கூட்டித் துடைக்க ஐவி என்று ஒருத்தியை ஏற்றினாள். ஐவி யார்க்‌ஷயர்க் கொச்சையில், எட்னாவைப்போலவே பேசுவாள். கப்பலில் எது எங்கே கிடக்கிறது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ரசிகர்கள் கொந்தளித்தார்கள். கடிதங்கள் சாக்கில் வந்தன. ‘அம்மணி, விண்வெளிக் கப்பலில் தூசி படியாது, எனவே துடைப்பக்காரி தேவையற்றவள், இது பால பாடம்’ என்று ஒருவர். கப்பலின் சுற்றுப்பாதையில் இருந்த பிழையை ஒன்பது பக்கத்தில் நிரூபித்து, பத்தாம் பக்கத்தில் ‘உங்களுக்குச் சமையலறை பொருந்தும்’ என்று இன்னொருவர். ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐவியின் வசனங்களை வரி வரியாகச் சிவப்பு மையில் திருத்தி, இருபதுக்கு மூன்று போட்டு அனுப்பினார். அந்த மூன்றும் கையெழுத்துச் சுத்தத்துக்காம். தட்டச்சுப் பிரதி அது. பழைய கர்னல் என்ன சாப்பிடுவார், எந்தக் காலில் பூட்ஸை முதலில் மாட்டுவார் என்று ராணுவ ரகசியம்போல் காத்தவர்கள் இவர்கள். ஒரு கிழவி தரை துடைக்கும் சத்தம் இவர்கள் காதைப் புண்ணாக்கிவிட்டது. தங்கள் வீட்டில் தரை தானாகவே துடைத்துக்கொள்கிறது என்று நினைத்தார்கள் போலும்.

ரசிகர் மன்றத்தின் தலைவர் நைஜல் த்ரோசல். ஸ்டீவனேஜில் பௌதிக ஆசிரியர். மன்றத்துக்கு ஆயிரத்து நூற்று நாற்பது உறுப்பினர்கள், அத்தனை பேரும் ஒவ்வொரு பாகத்தையும் வீட்டில் கேசட்டில் பதிந்து, தேதி ஒட்டி, அலமாரியில் அடுக்கியவர்கள். ஜானிஸின் ஆறாம் பாகம் முடிந்த வாரம் த்ரோசல் சுற்றறிக்கை விட்டார். ஞாயிறு மூன்று மணிக்கு அனைவரும் ஒரே நேரத்தில் அந்தப் பாகத்தின் கேசட்டைப் போட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தி, அதன்மேல் அரை மணிநேரம் அமைதியைப் பதிந்து அழிக்க வேண்டும். பிரதி ஒன்று ‘தங்கள் பார்வைக்கு’ என்று ஜானிஸுக்கும் வந்தது. அப்படியே செய்தார்கள். அந்த மூன்று மணிக்குத்தான் பதினான்காம் எண்ணில் சத்தம் தீர்ந்தது.

தொலைபேசியும் மணி அடிக்காததால் ஜானிஸ் தெருமுனைச் சாவடிக்குப் போய்த்தான் தயாரிப்பாளர் கிளைவ் ஆம்ப்லெட்டிடம் பேசினாள். கிளைவ் நல்லவர். நல்லவர் என்பதால் எல்லோருக்கும் பயப்படுவார்.

“எதிர்ப்பு அறுநூத்திப் பன்னெண்டு லெட்டர். ஆதரவு ஒம்போது. அதுல ரெண்டு உங்க அத்தை எழுதினது.”

“மூணு. சின்ன அத்தை வேற பேர்ல எழுதினா.”

“ஜானிஸ், நான் சொல்றதக் கேளு. மேலிடத்துல ஒரே பேச்சு. அடுத்த ஆறு பாகம் உனக்கு வேணும்னா, முதல் பாகத்துலயே ஐவியக் கதவத் தொறந்து வெளிய தள்ளிடு. வலிக்காம. ஜோக்கா.”

“எங்கம்மாவையும் சேத்துத் தள்ளிடவா?”

“உங்கம்மா எங்க வந்தாங்க இதுல?”

“நீங்க ஐவியப் பாத்ததே இல்ல. அதான் கேக்குறீங்க.”

ஆகஸ்ட் கடைசிக்குள் ஆறு பாகமும் வேண்டும், ஐவி இருந்தால் பணி இல்லை என்று முடிவானது. அந்த வேலை போனால் ஜானிஸுக்கு மிச்சம் ஆலையின் கணக்கர் மேசைதான். எட்னா முப்பத்தொரு வருஷம் நின்றது மகள் அந்த மேசைக்குப் போகக்கூடாது என்றுதான்.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு உணவு அலமாரிக்குள்ளிருந்து ஒரு ஆண் இருமினான். வீட்டில் ஆண் கிடையாது. ஜானிஸ் திறந்து பார்த்தாள், ஊறுகாய் ஜாடி. ஜாடியில் காதை வைத்தாள். உள்ளே யாரோ நாற்காலியை இழுத்தார்கள், ஒரு பெண் “கால எடு, பெருக்கணும்” என்றாள். சர்க்கரைக் கிண்ணத்தில் ஒரு நாய் குரைத்தது. குடைத்தாங்கியில் பிளிமத் ஊர்க்காரன் ஒருவன் ஐவியைத் தேவடியா என்று திட்டிவிட்டு, அதே மூச்சில் அம்மாவிடம் கஸ்டர்டு கேட்டான். மூன்றரை ஆனதும் எல்லாம் நின்றது. அதற்கடுத்த ஞாயிறும் அதேபோல் மூன்றுக்குத் தொடங்கி மூன்றரைக்கு நின்றது.

ஜானிஸுக்கு விளங்கியபோது தெருவுக்கு ஓடிப்போய் நின்று சிரித்தாள், வீட்டுக்குள் சிரித்தால் கேட்காதே. கேசட் ரெக்கார்டரின் மூலையில் கடுகளவு ஓட்டை ஒன்று உண்டு, அதுதான் மைக். வேறெதையும் இணைக்காமல் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதிவாவது அமைதி அல்ல, அந்த அறை. சுற்றுப்பாதைக்கு ஒன்பது பக்கம் எழுதத் தெரிந்தவர்களுக்கு, கைக்கெட்டும் தூரத்திலிருந்த அந்த ஓட்டை தெரியவில்லை. ஜானிஸை அழித்த இடத்தில் தங்களைத்தாங்களே பதிந்துகொண்டார்கள், அழித்த சத்தம் எந்த வீட்டுடையதோ அந்த வீட்டுக்கே அதுவும் வந்து சேர்ந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது அரைமணிகள். எந்த நியாயத்தில் பங்கிடப்பட்டது என்று தெரியவில்லை. கரண்டிக்கு ஒருவர், செருப்புக்கு ஒருவர், ஆணிக்கு ஒருவர். த்ரோசலுக்குக் கேக் சுடும் அடுப்பு.

அந்தக் கோடை முழுக்க ஞாயிறு தவறாமல் அவள் நோட்டுப்புத்தகமும் கையுமாக ஒவ்வொரு பொருளிலும் காதை வைத்து எழுதினாள். அடுப்பின் கதவை மே மாதத்தில் திறந்தாள். உள்ளே த்ரோசல் மூச்சுவிடுவது கேட்டது. பிறகு ஒரு பெண், அவருடைய மனைவி மார்ஜரி, நிதானமாகப் பேசினாள்.

“நைஜல், நான் கெளம்புறேன். பெட்டி வாசல்ல இருக்கு. விட்பிக்கு, எங்கக்கா வீட்டுக்கு. இத மூணாவது தடவ சொல்றேன்.”

“ஷ்ஷ்! அமைதியப் பதிஞ்சுட்டிருக்கேன்.”

“நாலேகால் வண்டி. ஸ்டேஷன்ல நிப்பேன். நீங்க வந்து போகாதேன்னு சொன்னா நின்னுடறேன். வரலேன்னா விட்டுடறேன்.”

“மார்ஜரி, ரெக்கார்டர் முள்ளு ஆடுது பாரு! ஷ்ஷ்!”

கதவு சாத்தும் சத்தம். அதற்குப் பிறகு பதினெட்டு நிமிடம் அவர் மூச்சு.

ஆகஸ்ட் கடைசியில் ஜானிஸ் ஆறு பாகத்தையும் கொடுத்தாள். ஐவி வெளியே தள்ளப்படவில்லை. கப்பலின் அடித்தளத்தை அவள் பெருக்கும்போது, பிரபஞ்சத்திலுள்ள ஆண்பிள்ளைகள் கவனிக்காமல் தொலைத்த அரைமணிநேரங்கள் குவியலாகக் கிடக்கின்றன. அவள் ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டி, உரியவன் வாசலில் வைத்துவிட்டு வருகிறாள். கிளைவ் படித்துவிட்டு, தன் வீட்டு வரவேற்பறையும் மூன்றாம் பாகத்தில் இருப்பதுபோல் தோன்றுகிறதே என்றார். அவரும் மன்றத்தில் ரகசிய உறுப்பினர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“இத அழிச்சா, அடுத்தது என்ன பதிவாகும்னு யோசிச்சுக்கோங்க” என்றாள் ஜானிஸ். அவர் மேலிடத்துக்குப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக மேசையைத் தட்டினார். அக்டோபரில் தொடர் ஒலிபரப்பானது. பதினான்காம் எண்ணில் வானொலியும் பேசாது என்பதால், அவளும் எட்னாவும் ரேம்ஸ்டன் அம்மாள் வீட்டில் உட்கார்ந்தார்கள், எட்னாவுக்கு மற்ற இருவரும் உதட்டில் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

இம்முறை கடிதம் ஆயிரத்தைத் தாண்டியது. ஒன்றில்கூட நல்ல வார்த்தை இல்லை. என் வீட்டுக் கஸ்டர்டைப் பற்றி உனக்கு யார் சொன்னது, என் மனைவியை நீ எப்போது சந்தித்தாய், வழக்குப் போடுவேன், ஐவியின் கழுத்தை நெரிப்பேன். ஆனால் ஒருவரும் கேட்காமல் இருக்கவில்லை, ஒருவரும் அழிக்கவும் இல்லை. சிவப்புப் பொத்தானைப் பார்த்தாலே அவர்களுக்கு வியர்த்தது. வெறுப்பவர்கள் இவ்வளவு கருத்தாகக் கேட்கும் தொடரை நிறுத்த முடியாது என்று மேலிடம் முடிவெடுத்தது. ஐவி அந்தக் கப்பலில் பதினோரு வருஷம் இருந்தாள்.

நான்காம் பாகத்தில் ஐவி கர்னலிடம் ஒப்படைத்த அரைமணியில் மார்ஜரியின் பேச்சு சொல்லுக்குச் சொல் இருந்தது, நாலேகால் வண்டியைப் பற்றிய பகுதி தவிர. ஜானிஸ் அதை வெட்டியது இரக்கத்தால் அல்ல, பாகம் பதினைந்து விநாடி நீண்டுவிட்டது. த்ரோசல் ஆறு பக்கக் கடிதம் எழுதினார். பதில் இல்லாததால் நவம்பர் முதல் ஞாயிறு மதியம் நேரிலேயே வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, கையில் பிழைப்பட்டியல். ஜானிஸ் வாசற்படியிலேயே மறித்தாள்.

“மிஸ் ஓல்ராய்ட், என் பெண்டாட்டி எங்கிட்ட என்ன சொன்னான்னு எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“உங்களுக்குந்தான் சொன்னாங்க. நீங்க முள்ளப் பாத்துட்டிருந்தீங்க.”

“இது திருட்டு.”

“நீங்க அனுப்பி வச்சது சார். தபால் செலவுகூட எனக்கு இல்ல. கால நல்லா தொடச்சுட்டு வாங்க, எங்க வீட்டுல தூசி படியும்.”

உள்ளே நுழைந்ததும் அவர் வாய் அசைந்தது, குரல் இல்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டார். எட்னா ஏப்ரனில் கையைத் துடைத்து, அடுப்புக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டுக் காட்டினாள். மூன்று மணி ஆயிற்று. அவர் அரைமணிநேரமும் அடுப்புக்குள் தலையை நீட்டிக் கேட்டார், நாலேகால் வண்டி உட்பட. நடுவில் ஒருமுறை தலையை வெளியே எடுத்து, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், அடுப்பைப் பார்த்து ஏதோ சொன்னார். எட்னா எதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே அவர் உதட்டைப் பார்த்திருந்தாள்.

அவரை அனுப்பிவிட்டு இருவரும் வாசலில் நின்றபோது ஜானிஸ் ‘என்ன சொன்னான் அந்த ஆளு?’ என்று உதட்டில் கேட்டாள். வாசலில் குரல் வரும் என்பதால் எட்னா வாய்விட்டே சொன்னாள்.

“‘இரு மார்ஜரி, கோட்டு மாட்டிட்டு வந்துடறேன்’னான்.”

“பாவமா இருக்கா உனக்கு?”

“எதுக்குடி பாவம்? பேசுறவ வாயப் பாக்கணும். எங்க கூடத்துல பாக்காம நின்னவனுக்கு வெரல் போயிடும். இவனுக்கு வெரலு பத்தும் இருக்கு.”

மார்ஜரி விட்பியில் அக்காவோடு கம்பளிநூல் கடை வைத்து நன்றாகவே இருந்தாள், அவளிடமிருந்து இவருக்கு ஒரு வரியும் வரவில்லை. த்ரோசல் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு ஸ்டீவனேஜிலிருந்து ரயிலேறி வந்தார். ஒவ்வொரு முறையும் அடுப்பிடம் அதையே சொன்னார். போன வாரப் பாகத்தின் பிழைகளை மூன்று பக்கம் எழுதி ஒவ்வொரு செவ்வாயும் தபாலில் அனுப்பவும் தவறவில்லை, ஐவியை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஜானிஸும் அவரை மன்னிக்கவில்லை, ஒரு கோப்பை டீகூடக் கொடுத்ததில்லை. அவர் வரும் ஞாயிறுகளில் எட்னா கேக்கை ஒரு மணிக்கே வைத்து, இரண்டரைக்குள் இறக்கி, அடுப்பு ஆறட்டும் என்று கதவைத் திறந்து வைத்துவிடுவாள்.