டி டிரைவில் இருந்தால் பத்திரம்

என் தொண்டையை அறுத்து எடுப்பதற்கு முன்னால் டாக்டர், "நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார். "பேசறதுங்க" என்றேன். மனுஷன் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டார். பாவம், அவர் என்ன செய்வார்.

விருத்தாசலத்தில் எந்தத் தெருவில் எழவு விழுந்தாலும் அதை ஊருக்குச் சொன்னவன் இந்தப் பழமலைநாதன்தான். ஆட்டோ மேல் புனல் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு பாலக்கரையில் ஆரம்பிப்பேன். அடுப்படியில் இருக்கிறவள்கூடக் கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். மாசி மகம், பீங்கான் பொம்மைக் கண்காட்சி, ஜவுளிக்கடைத் தள்ளுபடி என்று எல்லாவற்றுக்கும் போவேன் என்றாலும், சாவுச் செய்திக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. சும்மா பீற்றிக்கொள்ளவில்லை. செத்தவனோடு பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி, என் குரலைக் கேட்டுவிட்டு மாலையோடு வந்து நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

குரல்வளையில் புற்று, எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். கழுத்தில் ஓட்டை போட்டுவிடுவோம், அது வழியாக மூச்சு விடலாம், மற்றபடி எப்போதும்போலச் சாப்பிடலாம், நடக்கலாம், சத்தம் மட்டும்தான் வராது என்றார்கள். சத்தம் மட்டும்தானாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, இருந்த குரலையெல்லாம் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கத்தித் தீர்த்திருப்பேன்.

என் மனைவி துர்காவின் தம்பி மாணிக்கவேல்தான் ஒரு வழி சொன்னான். கடைவீதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறவன். "மாமா, ஆபரேஷனுக்கு முன்னாடி உங்க குரலப் பூரா கம்ப்யூட்டர்ல ஏத்திப்புடுவோம். அப்பறம் வேணுங்கற வார்த்தைய எடுத்து எடுத்து ஒட்டிக்கலாம்" என்று சொல்லி, விண்டோஸ் 98 போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டில் கொண்டுவந்து வைத்தான். அதில் பதிவு செய்கிற பெட்டி ஒரு நிமிஷம் ஓடிவிட்டு நின்றுவிடும். நானும் நிமிஷம் நிமிஷமாகப் பேசினேன்.

"காலமாகிவிட்டார்" என்பதை வயதானவருக்கு ஒரு குரலில், இளவட்டத்துக்கு ஒரு குரலில் சொன்னேன். பெண்ணாடம், நல்லூர், மங்களூர் என்று சுற்றுவட்டாரத்தில் வாயில் வந்த ஊர்ப் பெயரையெல்லாம் சொன்னேன். அப்புறம் ஆள் பெயர்கள். உயிரோடு இருக்கிறவர்கள் பெயரும்தான், என்றைக்காவது தேவைப்படுமே! எதிர்வீட்டு ராஜமாணிக்கம் ஜன்னல் வழியாகத் தன் பெயரைக் கேட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"அடப்பாவி, குத்துக்கல்லாட்டம் நிக்கறேன், எனக்கு இப்பவே சங்கு ஊதறியா?"

"கோச்சுக்காத. எம் பேரையும்தான் சொல்லப்போறேன்" என்று அவன் எதிரிலேயே என் பெயரையும் சொல்லிப் பதிந்தேன். செத்தாலும் என் சாவை நானே ஊருக்குச் சொல்வேன் என்று அப்போது எனக்கு ஒரு திமிர்.

ஆபரேஷன் முடிந்து வாயடைத்து வந்தேன். ஆனாலும் ஊருக்குள் என் குரல் நிற்கவில்லை. துர்கா மவுஸைப் பிடித்து வார்த்தைகளை ஒட்டக் கற்றுக்கொண்டாள். ஒட்டியதைக் கேசட்டில் ஏற்றி ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிடுவோம். எனக்குத் தொண்டை போனது தெரியாமலேயே நல்லூர்ப் பக்கம் பாதிப் பேர் இருந்தார்கள் என்றால் பாருங்கள்!

வீட்டிலும் நாள் முழுக்க என் குரல்தான். பதிவு நடந்தபோது அவள் பாத்திரத்தை உருட்டியதற்கு நான் வைததும் அதில் விழுந்திருந்தது. "ஏ துர்கா, மைக்குப் பக்கத்துல ஏன்டி உருட்டற?" அதைத் தினம் ஒரு தடவையாவது போடுவாள். "உருட்டுவேன், இப்ப என்னாங்கற?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நான் பின்னால் நின்று சத்தமில்லாமல் சிரிப்பேன். எதையாவது சொல்ல வேண்டுமென்றால் சிலேட்டில் எழுதுவேன், கூப்பிட வேண்டுமென்றால் கையைத் தட்டுவேன். அந்தக் கம்ப்யூட்டர் ஓடுகிற வரைக்கும் நான் முழு ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு புரளி கிளம்பியது. டூப்ளிகேட் விண்டோஸ் வைத்திருந்தால் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போகிறார்களாம். யார் பார்த்தார்கள், எங்கே தூக்கினார்கள், ஒன்றும் தெரியாது. மாணிக்கவேல் மட்டும் நடுங்கிக்கொண்டு வந்தான்.

"மாமா, நம்மளுது டூப்ளிகேட்டுதான். கம்ப்யூட்டரு போனா உங்க குரலும் போயிடும். விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்னு ஒண்ணு, ஓசிலயே சி.டி. குடுக்கறாங்க. அதுக்கு மாத்திட்டா ஒரு பயலும் கேக்க மாட்டான்."

என் குரலைத் தூக்கிக்கொண்டு போவதா? முதலில் குரலையெல்லாம் ஒரு சி.டி.யில் எழுதி வைத்துவிடு என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். மாணிக்கவேல் சிரித்தான்.

"டி-ல இருக்குது மாமா. எதுக்கு சி.டி.?"

இது எங்கள் ஊர்க் கம்ப்யூட்டர்க்காரர்கள் எல்லோருக்கும் வேதம். வைரஸ் வந்தாலும், ஸ்லோவானாலும், ஏன், மவுஸ் ஒயர் அறுந்தாலும்கூட ஃபார்மேட்தான். விண்டோஸ் இருக்கிற சி டிரைவைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவார்கள். முக்கியமானதையெல்லாம் டி டிரைவில் வைத்திருப்பார்கள், டி-யை எவனும் தொடமாட்டான். மாணிக்கவேலும் எங்கள் கம்ப்யூட்டரை அப்படி எத்தனையோ தடவை துடைத்துப் போட்டிருக்கிறான். ஒரு தடவைகூட என் குரலுக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. அதனால் நானும் தலையாட்டினேன்.

துர்கா ரேஷன் கடைக்குப் போயிருந்த காலை நேரம் அது. மாணிக்கவேல் சி.டி.யைப் போட்டான். இந்தப் பக்கம் நானும் ஆம்ப்ளிஃபையரும், அந்தப் பக்கம் அவனும் கம்ப்யூட்டரும், நடுவில் மேசை. அவனுக்கு ஏதோ ஃபோன் வந்தது. செல்லைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, என் பக்கம் முதுகைக் காட்டியபடி, "ஆமாங்க, மதர்போர்டுதாங்க போயிடுச்சு" என்று பேசிக்கொண்டே மவுஸை அமுக்கினான். திரையில் எந்தக் கேள்விப் பெட்டி வந்தாலும் படிக்கமாட்டான், அமுக்கு அமுக்கு என்று அமுக்குவான். எல்லாப் பெட்டிக்கும் அவனிடம் அந்த ஒரே பதில்தான்.

அடுத்து வந்த பெட்டியில் இங்கிலீஷில் ஏதோ நீளமாக இருந்தது. எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் கேசட்டோடு மாரடித்தவனுக்கு 'எரேஸ்' என்ற வார்த்தை தெரியாமல் போகுமா? அதற்குப் பக்கத்தில் 'டிஸ்க்' என்றும் இருந்தது. சி-யும் இல்லை, டி-யும் இல்லை, வெறும் டிஸ்க்.

கையைத் தட்டினேன். அவன் திரும்பாமலேயே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான், இருங்க மாமா என்று. டீ கேட்கிறேன் என்று நினைத்துவிட்டான் படுபாவி! மேசையைக் குத்தினேன். டம்ளரை எடுத்து அவன் முதுகிலேயே எறிந்தேன். டம்ளர் பட்டதும் "ஸ்ஸ்" என்று திரும்பினான். அதற்குள் அமுக்கிவிட்டிருந்தான்.

சிலேட்டில் 'டி?' என்று எழுதி அவன் மூஞ்சிக்கு நேராகப் பிடித்தேன். ஃபோனை வைத்துவிட்டு முதுகைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

"அட இதுக்கா எறிஞ்சீங்க? டி பத்திரமா இருக்கும் மாமா. எத்தினி வாட்டி போட்டிருக்கேன்."

அவன் முகத்தில் துளிச் சந்தேகம் இல்லை. திரையில் ஒரு கோடு நீண்டுகொண்டே போனது. அது முடிகிற வரைக்கும் நானும் அவன் பேச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

துர்கா அரிசிப் பையோடு உள்ளே வந்தபோது திரை மரக்கலரில் அழகாக இருந்தது. மாணிக்கவேல் எதையோ திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். அவன் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"டி எங்கடா தம்பி?" என்றாள்.

"இதுல சி, டின்னு கெடையாதுக்கா."

"பேரு எதுவா வேணா இருந்துட்டுப் போவட்டும். உங்க மாமா குரல் எங்க?"

அவன் சென்னையில் இருக்கிற கூட்டாளிக்கு ஃபோன் போட்டான். எல்லாவற்றுக்கும் "ம்", "ம்" என்றான். கடைசியில், "பூரா டிஸ்க்கையும் அழிச்சுட்டு அது மேலயே எழுதிடுச்சாம்க்கா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாம்" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். அவனை என்ன செய்வது? என் குரலைக் காப்பாற்றப் போய்த்தானே இதைச் செய்தான். அடிக்கக்கூட எனக்குக் கை எழவில்லை.

துர்கா வாசலில் நின்ற அந்த ஸ்பீக்கர் ஆட்டோவுக்கு ஓடி, அதிலிருந்த கேசட்டை எடுத்து வந்து போட்டாள். இருந்தது அந்த ஒரே கேசட்தான், ஒரு சாவு முடிந்தால் அதன் மேலேயே அடுத்ததைப் பதிகிற வழக்கம் எங்களுடையது. ஆட்டோக்காரர் அதன் மேல் கடை விளம்பரத்தை ஏற்றியிருந்தார் போலிருக்கிறது; யாரோ ஒரு பெண், ஜவுளிக்கடைத் தள்ளுபடி இன்றே கடைசி என்று பேசினாள். கடைசி வரைக்கும் ஓடவிட்டோம். வேறு ஒன்றும் இல்லை.

துர்கா டேப்பை நிறுத்தினாள். ரேஷன் அரிசி வாசற்படியில் சாய்ந்து கொட்டிக் கிடந்தது, அவள் அதைக் கவனிக்கவில்லை. தம்பியைத் தாண்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏங்க, நீங்க பக்கத்துலயேதான ஒக்காந்திருந்தீங்க? நிறுத்துடான்னு ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?"

மாணிக்கவேல் சட்டென்று தலையைத் தூக்கி, "அக்கா..." என்றான்.

அவள் காதில் அது விழவில்லை. எனக்குத் தொண்டை இருந்த காலத்தில் சண்டை போட்டால் என் பதிலுக்கு எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள். நான் வாயைத் திறந்தேன். கழுத்து ஓட்டையில் காற்று மட்டும் வந்து போயிற்று.

"சொல்லுங்களேன்" என்றாள்.