விதை போடுவதா, கல் பதிப்பதா

உடம்பில் எலும்பு என்று ஒன்று வைத்திருந்த எவரும் எக்ஸ்ரேக்காரருக்குத் தப்பியதில்லை. ஆஸ்பத்திரியில் ஓய்வு பெறுவதற்குள் ஊரில் பாதிப் பேரை அவர் உள்பக்கமாகவே பழகி வைத்திருந்தார். எதிரே வருகிறவரின் முகம் மறந்துபோகும், விலா எலும்பு மறக்காது. "மூச்சை இழுத்துப் பிடிங்க!" என்று அவர் போடும் அதட்டலில் சுவர்க் கடிகாரமே ஒரு நொடி நின்றுதான் ஓடும். ஒருமுறை "விடுங்க" என்று சொல்ல மறந்துவிட்டாராம். அன்றைக்கு மாட்டிய தபால்காரர் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டேதான் கடிதம் கொடுத்து வருகிறார் என்று கேள்வி.

ஒன்றே ஒன்றை மட்டும் அவர் செய்ததில்லை. படத்தில் என்ன தெரிகிறது என்று யாரிடமும் வாய் திறந்ததில்லை. அது அவர் வேலை இல்லை. கையைப் பிடித்துக் கெஞ்சினாலும் சரி, வாசலை மறித்து அழுதாலும் சரி, "டாக்டர் சொல்வார்" என்று படத்தை உறைக்குள் போட்டுக் கொடுத்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் வீட்டுப் புல்தரையிலேயே இப்போது திட்டு விழுந்துவிட்டது. நுரையீரலில் விழுகிற மாதிரியே, ஓரம் தெளிவில்லாமல், நடுவில் வெளிறி, அங்கங்கே மண் தெரிய. கேட்பதற்குப் பக்கத்தில் டாக்டரும் இல்லை.

வேறு யார் வீட்டுப் புல்லாக இருந்தாலும் போனால் போகிறது என்று விட்டிருப்பார். இது வீட்டம்மாவைத் திரும்ப வரவழைக்க அவர் கையில் இருந்த ஒரே துருப்புச்சீட்டு. மகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது மூன்று மாதத்துக்கு என்று ஒரே ஒரு பெட்டியோடு போனவள் அவள். அந்த இரட்டையர் ஒருவரை ஒருவர் கடித்துவிட்டு ஓடி ஒளிகிற வயதாகியும் வந்தபாடில்லை. மகளுக்கு நர்ஸ் வேலை. மருமகனுக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர். குழந்தைகளை யாரிடம் விட்டுவிட்டு வருவாள்?

அவரும் ஒருதரம் அங்கே போய் இருந்து பார்த்தார். மொத்தமே இரண்டு அறை. சோபாவில் படுத்துக் காலை நீட்டினால் துணி காய்கிற கம்பி, தலையைத் தூக்கினால் பொம்மை ரயில். மருமகன் அவரை எழுப்பக் கூடாது என்று இருட்டில் பூனை மாதிரி நடந்து, நடந்து, கடைசியில் ரயில் மேலேயே காலை வைத்து விழுந்தார். "புல்லுக்குத் தண்ணி ஊத்தணும்" என்று சொல்லிவிட்டு எக்ஸ்ரேக்காரர் ஊர் வந்து சேர்ந்தார்.

புல் போட்ட புதிதில் அவளுக்கு அது ஒரே கேலி. "மாடு எப்போங்க வருது?" என்று ஒரு வாரம் கேட்டாள். பிறகு குதிகால் வலிக்கு வெறுங்காலோடு அதில் நடந்து பார்த்தாள். அதிலிருந்து விடியற்காலையில் அவளைத் தேட வேண்டுமானால் புல்தரைக்குத்தான் வர வேண்டும். மகள் வீட்டில் எல்லாம் டைல்ஸ். "கால் கெஞ்சுதுங்க" என்பாள் போனில். "இங்க வெல்வெட் விரிச்சு வச்சிருக்கேன், வா" என்பார் இவர். வெல்வெட் என்று சொல்லிச் சொல்லி, இப்போது அது பூச்சி அரித்த வெல்வெட்டாகிவிட்டது. அவள் எந்த நாளிலும் வந்து நிற்கலாம். அதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

முதல் சந்தேகம் பக்கத்து வீட்டு வக்கீலின் நாய்மேல் விழுந்தது. அது நாய் என்பதே அதிகாரபூர்வமான தகவல்தான், பார்த்தால் கன்றுக்குட்டி. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று இவர் குரல் கொடுத்தார்.

"வக்கீல் சார், உங்க நாய் என் புல்லுல ஒண்ணுக்குப் போகுது. புல்லு கருகுது."

வக்கீல் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தார். "என் கட்சிக்காரர் மேல அபாண்டம். கண்ணால பாத்த சாட்சி இருக்கா?"

"திட்டே சாட்சி."

"திட்டு வட்டமா இருக்கா? சுத்தி ஓரத்துல மட்டும் புல்லு கரும்பச்சையா செழிச்சிருக்கா? நாய் பண்ணினா அப்படித்தான் இருக்கும் எக்ஸ்ரே சார். இதே வழக்கை என் மாமியார் வீட்டுல தோத்திருக்கேன்."

குனிந்து பார்த்தார். மதிலோரமாக ஒரு சின்ன வட்டம் அப்படி இருந்தது உண்மை. ஆனால் பெரிய திட்டு வட்டமும் இல்லை, ஓரத்தில் பச்சை வளையமும் இல்லை. நீண்டு, லேசாக வளைந்து, அவரைக்காய் மாதிரி கிடந்தது.

"ஒரு குத்தத்துக்கு ஒத்துக்கறோம். மத்ததுல விடுதலை!" என்று அறிவித்துவிட்டு வக்கீல் வாய் கொப்பளிக்கப் போய்விட்டார். அன்று முழுக்க எக்ஸ்ரேக்காரரிடம் நேரில் பேசிய ஒரே மனிதர் அவர்தான். அதனால் தோற்ற வழக்கு என்றாலும், இவர் அதை மத்தியானம் வரை மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தார்.

அடுத்து வேர்ப்புழு. புழு வேரைத் தின்றிருந்தால், புல்லைப் பிடித்து இழுத்ததும் பாய் சுருட்டுகிற மாதிரி கையோடு வரும். கொத்தாகப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். புல் நின்ற இடத்தில் நின்றது, அவர்தான் மல்லாக்க விழுந்தார். ஆனாலும் விடாமல் திட்டின் ஓரத்தில் மூன்று பக்கம் வெட்டி, புத்தகம் திறக்கிற மாதிரி புரட்டிப் பார்த்தார். ஒரே ஒரு மண்புழு இருந்தது. அதுவும் தனியாகத்தான் இருந்தது. மூடிவிட்டார்.

மூன்றாவது பூஞ்சை. விடிந்ததும் பனி காய்வதற்குள் பார்க்க வேண்டும், சிலந்தி நூல் மாதிரி தெரியும் என்று எங்கேயோ படித்திருந்தார். குப்புறப் படுத்துப் பூதக்கண்ணாடியை மூக்கோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு புல்லாகப் பரிசோதித்தார். பேப்பர் போடுகிறவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஐயா! ஐயா! ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"சத்தம் போடாதய்யா. பூஞ்சை இருந்தா பறந்துடும்."

"வீட்டுல வேற யாரும் இல்லையா?"

"இல்லை" என்று புல்லைப் பார்த்தே சொன்னார்.

பூஞ்சையும் இல்லை. புல் முனைகள் மட்டும் நைந்து வெளுத்திருந்தன. அது வெட்டுகிற மெஷினின் மழுங்கிய பிளேடு செய்த வேலை, வெட்டாமல் பிய்த்திருக்கிறது. பிளேடைத் தீட்டினார். அடுத்த வெட்டில் தரை முழுக்க நிறம் தெளிந்தது. தெளிந்த பச்சைக்கு நடுவில் அந்தத் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

மிச்சம் இருந்தது மண்தான். வீட்டில் இருந்ததிலேயே நீளமான திருப்புளியை எடுத்துவந்து தரையில் குத்தினார். நல்ல புல் இருந்த இடத்தில் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி பிடிவரை இறங்கியது. திட்டில் குத்தினார். முனை மட்டும் மாட்டிக்கொண்டு நின்றது. ஏறி உட்கார்ந்தாலும் இறங்காது போலிருந்தது. மண் இறுகிப்போய்ச் செங்கல் மாதிரி ஆகியிருந்தது. காற்றும் தண்ணீரும் போகாமல் புல்லுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. அது சரி, இந்த இடத்தை மட்டும் இப்படி மிதித்தது யார்? ராத்திரியில் ரோடு ரோலர் வந்து போகிறதா?

திருப்புளியை அப்படியே விட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சாயங்கால போன், வீட்டம்மா. வீட்டுக்குள் டவர் கிடைக்காது. அவள் பேசுவது கிணற்றுக்குள் இருந்து வாய் கொப்பளிக்கிற மாதிரி கேட்கும். தோட்டக் குழாய்க்கும் மதிலுக்கும் நடுவே ஒரு பட்டையில்தான் குரல் துல்லியமாக வரும். அங்கேயும் நின்று பேச அவருக்குத் தெரியாது. காலமெல்லாம் நோயாளியை நிறுத்திவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் ஓடி, பட்டனை அமுக்கிவிட்டு மறுபடி ஓடி வந்த கால்கள்.

"சின்னவ இன்னிக்குப் பெரியவ மூக்கைக் கடிச்சுட்டாங்க" என்று ஆரம்பித்தாள்.

"மூக்கு இருக்கா?" என்று கேட்டபடி நடந்தார். "ஆ!"

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. கால்ல ஏதோ இடிச்சுது. நீ சொல்லு."

அவள் சொன்னாள். மதில் வரை போய்த் திரும்பினார். மறுபடியும் அதே பெருவிரலில் அதே திருப்புளி. இந்தத் தடவை கத்தவில்லை. குனிந்து பார்த்தார். குழாயிலிருந்து மதில், மதிலிலிருந்து குழாய். நடுவில் லேசான வளைவு. அவரைக்காய்.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். "புல்லு எப்படி இருக்கு?" என்று வழக்கம்போல முடித்தாள்.

"வெல்வெட்" என்றார்.

மறுநாள் மண்கட்டி ஒன்றைப் பெயர்த்துப் பழைய எக்ஸ்ரே உறை ஒன்றில் போட்டு விதைக்கடைக்கு எடுத்துப் போனார். கடைக்கார அம்மா அதை மேஜையில் தட்டிப் பார்த்தாள். மேஜைதான் ஆடியது.

"யாரோ நடந்திருக்காங்க."

"ஆமாம்மா."

"யானையா?"

"ஆள்தான். ஒரே ஆள்."

"ரெண்டு வழி இருக்கு. நல்லா ஆழமாக் குத்தி விட்டு, மணலும் மட்கின எருவும் தூவி, விதை போட்டு, ஒருத்தரும் கால் வைக்காம மூணு மாசம் காக்கணும். நடக்கறவங்க நிறுத்த மாட்டாங்கன்னா விதை தண்டம். கல்லைப் பதிச்சு வழியாவே விட்டுடுங்க. புல்லும் பிழைக்கும், ஆளும் பிழைப்பாரு."

"எது நல்லது?"

"அவரு இன்னும் எவ்வளவு நாள் நடப்பாருன்னு சொல்லுங்க. நான் எதுன்னு சொல்றேன்."

நாக்கு நுனிவரைக்கும் "டாக்டர் சொல்வார்" வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "கேட்டுச் சொல்றேம்மா" என்றார்.

அன்று சாயங்காலம் போனை எடுத்தபோது குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால்கள் கட்டிப்போட்ட ஆடு மாதிரி இழுத்தன.

"புல்லு எப்படி இருக்கு?"

"ஒரு திட்டு விழுந்திருக்கு" என்றார். வாழ்நாளில் முதன்முதலாகப் படத்தில் தெரிந்ததை வாயால் சொன்னார். "பெரிசு. நடுவுல மண்ணே தெரியுது."

"வக்கீல் நாயா?"

"இல்ல. நான்."

அவள் தணிந்த குரலில் கேட்டாள். "என்னங்க... பாத்ரூம்ல தண்ணி வரலையா?"

"ஐயோ, அது இல்லடி! நடந்து. உன்கூடப் பேசறப்போ நடந்து நடந்து மண்ணு கல்லாயிடுச்சு."

அவள் சிரித்தாள். போன் காதைத் துளைக்கிற அளவுக்குச் சிரித்தாள். பின்னால் இரட்டையரும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு அவள் சிரிப்பு மட்டும் நின்றது.

"எவ்வளவு பெரிசுங்க?"

"குழாய்லேர்ந்து மதில் வரைக்கும்."

அவள் அதை மனசுக்குள் நடந்து பார்த்திருக்க வேண்டும்.

"விதை போட்டா சரியாயிடும்னு கடைக்காரம்மா சொல்றாங்க. மூணு மாசத்துக்கு அது மேல நடக்கக் கூடாது. இல்லேன்னா கல்லு பதிச்சுடலாமாம். எது போடட்டும்?"

கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டுவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. நடக்க முடியாமல் குழாயை இறுக்கிப் பிடித்தார்.

"மூணு மாசமா?" என்றாள் அவள். அவளும் அந்தக் கணக்கைச் சொல்லித்தான் பெட்டியைத் தூக்கியிருந்தாள். பின்னால் மகளின் குரல், "அம்மா, சாவி எங்க வச்சே? ட்யூட்டிக்கு லேட் ஆகுது." ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. மற்றது உடனே போட்டிக்கு அழுதது.

"கல்லே போட்டுடுங்க" என்றாள்.

"சரி."

"வழுக்காத கல்லாப் பாத்து வாங்குங்க. மழையில நடப்பீங்க."

"சரி."

கெட்ட செய்தியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சுருக்கமாக, பொய் இல்லாமல், கையோடு அடுத்த வேலையையும் சொல்லி. கேட்டுக்கொள்கிறவர் எப்படி நிற்க வேண்டும் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து அவர் அதைப் பழகியதே இல்லை.

சொரசொரப்பான கற்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் ஒரு மலையின் பேரப்பிள்ளை கனம். இவர் குழி தோண்டி, மணல் பரப்பி, தரைமட்டத்துக்குச் சரியாகப் பதித்தார். கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் மெஷின் பிளேடு போய்விடும். வக்கீல் மதில்மேல் முழங்கையை ஊன்றி மேற்பார்வை பார்த்தார்.

"அப்போ என் கட்சிக்காரருக்கு மான நஷ்டம்?"

"கட்சிக்காரரை வந்து ரெண்டு கல்லு தூக்கச் சொல்லுங்க, தர்றேன்."

"அம்மா எப்போ வராங்க சார்?"

"கல்லு பதிக்கறேனே, பாத்தா தெரியலையா?" என்றார். வக்கீலுக்குப் புரிந்ததோ இல்லையோ, வாதம் பண்ணாமல் உள்ளே போனார். அவர் வாதம் பண்ணாமல் போனதை அந்தத் தெரு பார்த்ததே இல்லை.

கல்லுக்கு இரண்டு பக்கமும் இறுகியிருந்த மண்ணைக் கம்பியால் குத்திக் குத்திச் சல்லடையாக்கி, எருத் தூவி, விதை போட்டார். நாய் வட்டத்துக்கு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினார். மறுபடி பச்சை ஏறியது. உண்மையாகவே வெல்வெட்டு. அதில் வெறுங்காலோடு நடக்கத்தான் ஆள் இல்லை. அவர் ஓரமாகவே போய் ஓரமாகவே வந்தார்.

கல் பதித்த பின் வந்த முதல் போனில், அவள் இரட்டையரின் அன்றைய குற்றப் பட்டியலை நடுவில் நிறுத்தினாள்.

"அது என்னங்க சத்தம்? டக்கு டக்குன்னு?"

"நான்தான். செருப்பு கல்லுல படுது."

"ஓ." அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். டக்கு, டக்கு. "இத்தனை நாள் நடந்துக்கிட்டே பேசினது எனக்குக் கேக்கவே இல்லையே."

"புல்லுல சத்தம் கேக்காது."

பிறகு அவள் மூக்கைப் பற்றியும் காதைப் பற்றியும் புதிதாக முளைத்த பல்லைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனாள். அவர் மதில்வரை வந்தார். அங்கே மதில்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார்.

"ஏன் நின்னுட்டீங்க?" என்றாள்.

அவர் நடந்தார்.