முப்பத்தெட்டாம் மாடியின் உயிர்காப்பாளர்

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை ஒரு விளம்பரக் கையேட்டில் பிறந்தது. சொகுசு அடுக்குமாடி ஒன்றுக்கு அதை எழுதியவன் நான். நாய்களுக்கு ஸ்பா, ஆள் நுழையாத நூலகம், முப்பத்தெட்டாம் மாடியில் எட்டடி ஆழ நீச்சல்குளம். குளத்துப் பத்தியில் ஒரு வரி இடம் காலியாக இருந்தது. "பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் எந்நேரமும் அருகில்" என்று இட்டு நிரப்பினேன். அப்படி யாருமே இல்லை.

வீடு வாங்கியவர்கள் கையேட்டை விரித்து, எங்கே அந்த ஆள் என்று கேட்டார்கள். மேனேஜர் தோட்டக்காரரைக் கூப்பிட்டுச் சிவப்புப் பனியனும் விசிலும் கொடுத்தார்.

"சார், எனக்கு நீச்சல் தெரியாதே."

"உன்ன யாருப்பா நீந்தச் சொன்னா? நின்னா போதும்."

2.

(முதலில் இப்படித் தொடங்கினேன்: "வானமே இறங்கி வந்து குளிக்கும் அந்த நீலத்தில்..." வேண்டாம், கையேட்டு நாற்றம்.)

மேனேஜர் கணக்கு தப்பவில்லை. ஒன்றரை வருஷமாக ஒருவரும் தண்ணீரில் இறங்கவில்லை. விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தோட்டக்காரர் நெஞ்சை நிமிர்த்தி நிற்பார். அவர் மகள் பள்ளிக்கூடம் முழுக்க, "எங்கப்பா லைஃப்கார்டு" என்று பீற்றிக்கொண்டாள்.

(மகள் என் இட்டுக்கட்டு. இழக்க ஏதாவது இருந்தால்தானே நீங்கள் மேற்கொண்டு படிப்பீர்கள்?)

3.

நேற்று பதினேழாம் மாடி டாக்டரம்மா வந்தார். ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு வயது.

"தம்பி, நாளன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு இறங்கப் போறேன். நீச்சல் அரைகுறைதான். நீங்க இருக்கீங்கன்னு ஒரு தைரியம்."

"வாங்கம்மா, பாத்துக்கலாம்" என்று தோட்டக்காரர் சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த அம்மா போய்விடுவார்.

இன்று மாலை தோட்டக்காரர் கையேட்டோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இத எழுதுனது நீங்கதானாமே சார். அடுத்து நான் என்ன செய்யணும்னும் நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

4.

முடிவு ஒன்று: டாக்டரம்மா மூழ்க, இவர் பாய்ந்து தூக்குகிறார். (நீச்சல் எங்கிருந்து வந்தது? என் பேனாவிலிருந்து. வெட்கமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: உண்மையைக் கேட்டதும் டாக்டரம்மா சிரித்து, "அப்ப சேர்ந்தே கத்துக்கலாம்" என்கிறார். (கேமராவில் மேனேஜர் பார்க்காத வரைக்கும் சரி.)

முடிவு மூன்று: நான் மேனேஜரைக் கூப்பிட்டு, அந்த வரி பொய், இந்த ஆள்மேல் குற்றமில்லை என்று

(அடுத்த கட்டடத்தின் கையேடும் எனக்குத்தான் வருவதாக இருக்கிறது.)

5.

மகள் இட்டுக்கட்டு என்றேனே, அதுவும் பொய். தோட்டக்காரர் அவள் படத்தைப் போனில் காட்டினார். கன்னம் உப்ப அப்பாவின் விசிலை ஊதிக்கொண்டிருக்கிறாள். படத்தைத் தள்ளிவிட்டு டாக்டரம்மாவின் எண்ணை எடுத்துத் திரையில் வைத்தார்.

"நீங்க பேசுறீங்களா சார், நான் பேசவா?"

நான் டீ போட உள்ளே வந்துவிட்டேன். தண்ணீர் கொதித்து வெகுநேரம் ஆகிறது. அவர் இன்னும் முன்னறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். போன் மேசைமேல், உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.